குட்டியும் கோணித் துண்டும்: பாதுகாப்பு விளையாட்டின் தொடக்கக் கடிப் பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இரண்டு நாய்கள். பைரவி நாலு வயது ஜெர்மன் ஷெப்பர்ட். வீரா ஏழு மாத மாலினுவா குட்டி. சொன்னபடி கடிக்கவும் சொன்னதும் விடவும் நாய் பழகும் பாதுகாப்பு விளையாட்டுக்காக, இரண்டுக்கும் கடிப் பயிற்சியின் முதல் பாடங்களை வீட்டு வாசலில் நானே சொல்லிக்கொடுத்தேன். அதைப் பார்த்தவர்களும் கேள்விப்பட்டவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். குட்டி வீட்டுக்கு வரும் எட்டாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய ஒரு வயது வரைக்கும் உள்ள காலம்தான் என் பேச்சு.

கடிக்கக் கற்றுக்கொடுத்தால் நாய் ஆளைக் கடிக்காதா?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான், கேட்க வேண்டியதும் இதுதான். நான் குட்டிக்குச் சொல்லித்தருவது மூன்று விஷயம். துணியைத் துரத்து. பிடித்தால் வாய் நிறைய, பதறாமல் பிடி. சொன்னதும் விடு. இதில் கோபத்துக்கும் பயத்துக்கும் வேலையே கிடையாது. பந்தைத் துரத்தும் நாயின் முகத்தைக் கவனித்திருப்பீர்கள். காது முன்னால் நிற்கும், உடம்பு இலகுவாக இருக்கும், கண்ணில் ஒரு துடிப்பு இருக்கும். கோணித் துண்டைத் துரத்தும் குட்டியும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

நான் நேரில் பார்த்த, ஆளைக் கடித்த நாய்கள் எல்லாமே பயந்து கடித்தவை. வருத்தம் என்னவென்றால், அதே பயத்தைக் குட்டிக்குள் விதைக்கும் வேலையும் கடிப் பயிற்சி என்ற பெயரில் நடக்கிறது. கட்டிப்போட்டுக் கம்பை ஓங்குவது, கண்ணை முறைத்து மேலே வருவது, குட்டி குரைத்தால் "பாருங்க, தைரியம் வந்துடுச்சு" என்பது. அது தைரியம் இல்லை. அந்தக் குட்டி உதவிக்குக் கத்துகிறது.

ஐ.ஜி.பி. என்கிறார்களே, அது என்ன?

1899-ல் ஜெர்மனியில், குதிரைப்படை அதிகாரியாக இருந்த மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்துக்கு ஒரு சங்கம் தொடங்கினார். ஆட்டு மந்தைக்குக் காவலாக இருந்த நாய்க்கு அந்த வேலை குறைந்துவந்த காலம் அது. வேலை போனால் குணமும் போய்விடும் என்பது அவருடைய கவலை. மோப்பம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு மூன்றையும் சோதித்துப் பார்த்து, தேறிய நாயை வைத்து இனத்தை வளர்க்கலாம் என்று ஒரு தேர்வு உருவானது. முதல் தேர்வு 1901-ல் நடந்தது. அதற்கு ஷுட்ஸ்ஹுண்ட் என்று பெயர். ஜெர்மன் மொழியில் பாதுகாப்பு நாய் என்று பொருள். பிறகு ஐ.பி.ஓ. என்ற பெயரில் நடந்தது. 2019 முதல் ஐ.ஜி.பி.

இன்றும் அதே மூன்று பகுதிதான். ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், ஒவ்வொன்றிலும் குறைந்தது 70 எடுக்க வேண்டும். பாதுகாப்புப் பகுதியில் மைதானத்தில் மறைப்புகள் நட்டிருப்பார்கள். தேர்வின் மூன்று நிலைகளில் உயர்ந்ததான மூன்றாம் நிலையில் ஆறு. நாய் அவற்றைச் சுற்றிச் சுற்றித் தேடி, ஒன்றில் ஒளிந்திருக்கும் ஹெல்பரை, அதாவது எதிராளியாக நடிக்கும் பழகிய ஆளை, கண்டுபிடிக்க வேண்டும். கண்டதும் பாயக் கூடாது. எதிரே நின்று குரைக்க வேண்டும். அவர் ஓடினாலோ தாக்க வந்தாலோதான் கடி, அதுவும் கையில் மாட்டியிருக்கும் ஸ்லீவ் என்ற தடித்த உறையில் மட்டும். உரிமையாளர் "விடு" என்றால் விட வேண்டும். முதல் கட்டளைக்கு விடாவிட்டால் இன்னும் இரண்டு கட்டளைதான் தரலாம். அதற்கும் விடாத நாய் எவ்வளவு அழகாகக் கடித்திருந்தாலும் தகுதி இழக்கும். கடிப்பதைவிட விடுவதற்கு அங்கே மரியாதை அதிகம். எனக்கு இந்த விளையாட்டின் மேல் பிரியம் வந்ததே அதனால்தான்.

பிரெஞ்சு ரிங், மோண்டியோ ரிங், நெதர்லாந்தின் கே.என்.பி.வி. என்று வேறு விளையாட்டுகளும் உண்டு. அவற்றில் உடல் முழுக்க மூடும் தடித்த உடை அணிந்தவரை நாய் கடிக்கும். குட்டிப் பருவப் பாடம் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இதைப் பழகிய நாய் வீட்டுக்குக் காவலாக இருக்குமா?

அதற்காக இதில் இறங்காதீர்கள். விளையாட்டு நாய்க்கு ஸ்லீவ் ஓர் இரை. பல நாய்கள் திருடன் வந்தால் அவன் கையில் ஸ்லீவைத் தேடும். வீட்டுக்குக் காவல் வேண்டும் என்றால் நல்ல சத்தமாகக் குரைக்கும் ஒரு நாயும் நல்ல பூட்டும் போதும்.

எந்த வயதில் தொடங்கலாம்?

எட்டு வாரத்தில் விளையாட்டாகத் தொடங்கலாம். அந்த வயதில் குட்டிக்கு எதையும் ஓடித் துரத்த வேண்டும், எதையும் வாயில் வைக்க வேண்டும். நாம் புதிதாக எதையும் ஊட்டுவதில்லை, இருக்கிற ஆசைக்கு ஒரு வழி வெட்டிக் கொடுக்கிறோம். ஆனால் எட்டாவது வாரத்துக்கும் பதினான்காவது வாரத்துக்கும் நடுவில் கோணித் துண்டைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது: உலகத்தைப் பழக்குவது. பிரஷர் குக்கர் விசில், ஆட்டோ, குடை, தாடி வைத்த தாத்தா, இரும்புப் படிக்கட்டு, ஈரத் தரை. தடுப்பூசி முடியாத குட்டியைத் தெரு மண்ணில் விடாமல் தோளில் தூக்கிக்கொண்டே இதையெல்லாம் காட்டலாம். அந்த ஆறு வாரத்தில் இதைத் தவறவிட்டால் பிற்பாடு ஈடு செய்வது மிகக் கடினம். கடிப் பாடத்தை ஆறு மாதத்தில் தொடங்கினாலும் ஒன்றும் குடிமுழுகாது.

என்னென்ன பொருள் வேண்டும்?

முதலில் ஒரு சணல் சாக்கு. அரிசி, வெல்லம், வெங்காயம் வந்த பழைய கோணி நல்லது. உரமோ பூச்சிமருந்தோ இருந்த சாக்கைத் தொடவே வேண்டாம். பிளாஸ்டிக் இழையில் நெய்த வெள்ளைச் சாக்கும் ஆகாது. இழை ஈறைக் கிழிக்கும், வயிற்றுக்குள் போனால் குடலில் சிக்கும். சணலைத் துவைத்துக் காயவைத்து, ஒரு முழ நீளத்துக்கு வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்துவிடுங்கள். பிரிந்து தொங்கும் நூலை அவ்வப்போது கத்தரியுங்கள். நூலை விழுங்கிய குட்டியின் குடல் சுருண்டு அறுவை சிகிச்சை வரைக்கும் போவதுண்டு.

அப்புறம் மார்பைச் சுற்றும் ஹார்னஸ் ஒன்று, மூன்று நாலு மீட்டர் கயிறு ஒன்று. நீளமான மூங்கில் குச்சியின் நுனியில் கயிறு கட்டி, அதில் துணியைக் கட்டினால் நீங்கள் நின்ற இடத்திலிருந்தே இரையை ஓடவிடலாம். பல் மாறிய பிறகு டக் எனப்படும், சணலில் செய்த இழுப்புப் பொம்மை, அதன் பின் கைப்பிடி வைத்த ஆப்பு வடிவத் தலையணை. குட்டிக்கான மெல்லிய ஸ்லீவ் ரொம்பப் பின்னால் வருவது, இப்போது வாங்க வேண்டாம்.

முதல் நாள் எப்படி நடக்க வேண்டும்?

இடத்திலிருந்து தொடங்குகிறேன். நம் வீடுகளில் டைல்ஸும் கிரானைட்டும் வழுக்கும். வழுக்குகிற தரையில் குட்டிக்குப் பிடியைப் பற்றி யோசிக்க முடியாது, காலைப் பற்றித்தான் யோசிக்கும். வளரும் இடுப்பு மூட்டுக்கும் கெடுதல். மண் தரை, புல், இல்லாவிட்டால் கனத்த கோரைப் பாயைப் பசை நாடாவால் ஒட்டிய தரை.

குட்டிக்கு ஹார்னஸ் மாட்டி, வீட்டில் ஒருவரைக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் சும்மா நின்றால் போதும். பேச வேண்டாம், உற்சாகப்படுத்த வேண்டாம். நீங்கள் துண்டை எடுத்துத் தரையோடு தரையாக இழுங்கள். எலி எப்படி ஓடும்? கொஞ்சம் ஓடும், நிற்கும், சடாரென்று திசை மாறும், பயந்து பதுங்கும். அப்படி. எலி ஒருநாளும் பூனையின் முகத்தை நோக்கி ஓடாது. ஆகவே துண்டு எப்போதும் குட்டியை விட்டு விலகித்தான் போக வேண்டும். முகத்தில் துணியை அடித்து உசுப்புவது பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு.

குட்டி இரண்டு முறை பாய்ந்து தவறவிடட்டும். மூன்றாவது முறை கிடைக்க வேண்டும். ரொம்ப நேரம் ஏமாற்றினால் சில குட்டிகள் மனம் விட்டுப்போய் மோப்பம் பிடிக்கப் போய்விடும். பிடித்ததும் பலமாக இழுக்காதீர்கள். ஒரு மீன் தூண்டிலில் துடிப்பது போல மெல்ல உயிர் காட்டுங்கள், சட்டென்று கையை விடுங்கள். துண்டு அதனுடையது. கயிற்றைப் பிடித்திருப்பவர் குட்டியோடு சேர்ந்து சின்ன வட்டமாக ஓடட்டும். வாயில் பரிசோடு ஓடும் குட்டியைப் பார்த்தால் கல்யாண ஊர்வலம் போல இருக்கும். அந்தப் பெருமிதத்துக்கு நேரம் கொடுங்கள்.

ஓடி முடித்ததும் அவர் மண்டியிட்டு, குட்டியின் மார்புக்கடியில் கை கொடுத்து, அமைதியாகத் தடவட்டும். துண்டின் பக்கம் கை போகவே கூடாது. கொஞ்ச நேரத்தில் குட்டி தானாகக் கீழே போடும். போட்ட துண்டை நீங்கள் காலால் தட்டி உயிர் கொடுங்கள், ஆட்டம் மறுபடி தொடங்கும். இப்படி மூன்று தடவை. சரி, அன்றைக்குப் போதும்.

பிடி, பிடி என்கிறார்களே, அதில் என்ன இருக்கிறது?

எல்லாமே அதில்தான் இருக்கிறது.

முழுப் பிடி என்றால் துணி வாயின் கடைசி வரை போய், பின்பற்களில் உட்கார்ந்திருப்பது. வாய் மூடிய பிறகு அசைவே இருக்காது. நுனிப் பிடி என்றால் முன்பற்களால் கவ்வுவது, எந்த நேரமும் ஓடத் தயாராக. இன்னொன்று மெல்லும் பிடி: இடம் மாற்றி மாற்றிக் கடிப்பது. பார்ப்பவர்களுக்கு அதுதான் ஆவேசமாகத் தெரியும். உண்மையில் அந்த நாய் நிம்மதியாக இல்லை. நாயின் மனத்தில் என்ன ஓடுகிறது என்பது வாயில் அப்படியே தெரிந்துவிடும். அதனால்தான் நடுவர்கள் பிடியை அவ்வளவு கூர்ந்து பார்க்கிறார்கள்.

பிடியில் பாதி பிறப்பிலேயே வருகிறது. தாய் தகப்பனுக்கு நல்ல பிடி இருந்தால் குட்டி முதல் நாளே ஆழமாகக் கடிக்கும். மீதியை நாம் வளர்க்கலாம், கெடுக்கவும் செய்யலாம். கெடுப்பது எளிது: குட்டி கடித்ததும் நாம் இழுத்தால் துணி வாயிலிருந்து வெளியே நழுவுகிறது. பற்றிக்கொள்ள அது முன்பல்லால் மறுபடி மறுபடி கவ்வுகிறது. ஒரு மாதத்தில் மெல்லும் பிடி பழக்கமாகிவிடும்.

வளர்க்கும் வழி இதற்கு நேர் எதிர். துணி இறுக்கமாக இருக்கும்போது குட்டி வெறுமனே பிடித்துக்கொண்டிருக்கும். நீங்கள் ஒரு விரற்கடை தளர்த்துகிறீர்கள். அந்தத் தளர்வில் குட்டி வாயைத் திறந்து முன்னால் தள்ளி இன்னும் ஆழமாகக் கடிக்கும். அந்தக் கணமே நீங்கள் தோற்றுப்போக வேண்டும்: கையை விட்டு, துண்டைக் கொடுத்துவிட வேண்டும். முன்னால் தள்ளினால் ஜெயிக்கலாம் என்று குட்டி நான்கைந்து நாளில் புரிந்துகொள்ளும். கணம் தப்பினால் பாடமும் தப்பும். குட்டி பின்னால் இழுக்கும்போது நீங்கள் விட்டால், பின்வாங்குவதற்குப் பரிசு கொடுத்ததாக ஆகிவிடும்.

பைரவி குட்டியாக இருந்தபோது இதை நான் தலைகீழாகச் செய்தேன். அவள் உறுமி இழுப்பதைப் பார்த்து எனக்கும் உற்சாகம் வந்து நானும் இழுத்தேன், அவள் பலமாக இழுக்கும்போது விட்டேன். ஐந்தாவது மாதத்தில் நுனிப் பிடி. திருத்த அடுத்த எட்டு மாதம் பிடித்தது. வீராவுக்கு முதல் நாளிலிருந்தே தளர்த்தி, தள்ளவிட்டுக் கொடுத்தேன். பத்து வாரத்தில் கோணித் துண்டு அவன் கடைவாயில் போய் உட்கார்ந்தது.

இதையெல்லாம் நான் தனியாகச் செய்ய முடியுமா? எதிராளியாகவும் நானே இருக்கலாமா?

துரத்தும் ஆட்டத்துக்கு நீங்களே போதும். ஆள் இல்லாவிட்டால் ஹார்னஸ் கயிற்றைக் கொஞ்சம் இழுபடும் ரப்பர் பட்டையோடு ஒரு மரத்தில் கட்டலாம். ஒருபோதும் கழுத்துப் பட்டையில் கட்டாதீர்கள். பாயும்போது கழுத்து நெரிபடும்.

எதிராளி வேலை வேறு. மிரட்டுவது, முறைப்பது, குட்டியின் மேல் அழுத்தம் கொடுப்பது எதையும் நீங்கள் செய்யக் கூடாது. உங்கள் கையில்தான் அது சாப்பிடுகிறது, உங்கள் காலடியில்தான் தூங்குகிறது. காலையில் மிரட்டுகிறவரிடம் மாலையில் அது எப்படி நிம்மதியாக வரும்? உங்கள் பங்கு விளையாட்டுத் தோழன். அழுத்தம் கொடுப்பது பழகிய ஹெல்பரின் வேலை. அதுவும் நாய்க்கு ஒரு வயதுக்கு மேல், மனசு முதிர்ந்த பிறகு. நான் என் நாய்களுக்கு இன்றுவரை ஸ்லீவ் மாட்டிக்கொண்டதில்லை.

எவ்வளவு நேரம், வாரத்துக்கு எத்தனை நாள்?

இரண்டு மூன்று நிமிடம். வாரத்துக்கு மூன்று நாள். குட்டி இன்னும் வேண்டும் என்று துடிக்கும்போது நிறுத்துங்கள். மற்ற நேரத்தில் துண்டு அலமாரிக்குள் இருக்கட்டும். நாள் முழுக்கத் தரையில் கிடக்கும் பொருளுக்கு எந்தக் குட்டியும் ஏங்காது.

பல் விழும்போது என்ன செய்வது?

நிறுத்திவிடுங்கள். குட்டிக்கு 28 பால்பற்கள். நாலாவது மாதம் தொடங்கி ஆறு, ஏழு மாதத்துக்குள் அவை விழுந்து 42 நிலைப்பற்கள் வரும். அந்த நாட்களில் ஈறு வலிக்கும். ஒரே ஒரு தடவை கடித்து வலித்தால் கூட, கடித்தால் வலிக்கும் என்று அது நினைவில் வைத்துக்கொள்ளும். துணியில் ரத்தம் பார்த்தாலோ, ஓடி வந்து கடைசி நொடியில் குட்டி தயங்கினாலோ, அன்றே பொருட்களைக் கட்டி வையுங்கள். அந்த இரண்டு மூன்று மாதத்தை மோப்பத்துக்கும் கீழ்ப்படிதலுக்கும் கொடுங்கள். புல்லில் காலடி தோறும் ஒரு துண்டு உணவு வைத்துத் தடம் தேடவிடுவது அந்த வயதுக்கு அருமையான வேலை. குட்டி தலையைக் கீழே போட்டு அமைதியாகிவிடும். மேல் பால்பல் விழாமலே நிலைப்பல் பக்கத்தில் முளைத்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

"விடு" எப்போது, எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

துண்டோடு சேர்த்து இல்லாமல், தனியாகத் தொடங்குங்கள். ஒரே மாதிரி இரண்டு பொம்மை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பிடித்து ஆடுகிறது. நீங்கள் அந்தப் பொம்மையை உங்கள் தொடையோடு ஒட்டிப் பிடித்து மரம் போல நில்லுங்கள். இரை செத்துவிட்டது. ஐந்து நொடியோ ஐம்பது நொடியோ, காத்திருங்கள். குட்டி வாயைத் திறந்த அந்த நொடியில் இரண்டாவது பொம்மை உயிரோடு ஓட வேண்டும். விட்டால் ஆட்டம் முடிந்துவிடும் என்று நினைத்திருந்த குட்டிக்கு, விட்டால்தான் ஆட்டமே தொடங்குகிறது என்று புரிவது கண்கூடாகத் தெரியும். நிச்சயமாக விடும் என்ற நிலை வந்த பிறகுதான் வாய் திறப்பதற்கு ஒரு நொடி முன்னால் "விடு" என்ற சொல்லைச் சேர்க்கிறேன். அதற்கு முன்னால் பத்து முறை கத்தினால் அது வெறும் சத்தம்.

வாயை விரலால் பிரிப்பது, கழுத்துப் பட்டையைச் சுண்டுவது, காதைத் திருகுவது மூன்றும் குட்டியிடம் வேண்டாம். வலியில் விடும் நாய் அடுத்த முறை விடாமல் இருக்கவோ, அவசரமாக மெல்லவோ கற்றுக்கொள்கிறது. இத்தனை பாடுபட்டுச் சேர்த்த பிடி ஒரு வாரத்தில் போய்விடும். சிலர் பிஸ்கட் காட்டி விடவைக்கிறார்கள். வீட்டில் செருப்பைத் தூக்கினால் அது சரி. ஆட்டத்தில் நான் அதைச் செய்வதில்லை. தின்பண்டத்தை எதிர்பார்க்கும் குட்டி அரை மனத்தோடு கடிக்கும்.

கட்டளை எந்த மொழியிலும் இருக்கலாம். ஐ.ஜி.பி. விதியும் அதைத்தான் சொல்கிறது, ஒரே செயலுக்கு ஒரே சொல் என்பதுதான் நிபந்தனை. எனக்கு வாயில் இயல்பாக வருவது "விடு". அதுவே என் நாய்களுக்கும் போதுமானதாக இருக்கிறது.

குட்டி குரைக்கிறது, முதுகு மயிர் எழுகிறது, ஆனால் பின்னால் போகிறது. நல்லதுதானே?

இல்லை, உடனே நிறுத்துங்கள். குரலைக் கேட்காதீர்கள், உடம்பைப் பாருங்கள். எடை முன்காலில் இருந்தால் குட்டிக்கு அது வேண்டும். பின்காலில் இருந்தால், வால் தாழ்ந்து, காது மடங்கி, உதட்டை நக்கினால் அது விலக நினைக்கிறது. நீங்கள் குனிந்து பக்கவாட்டில் திரும்பி, துண்டை இரண்டு மடங்கு தூரத்துக்கு ஓடவிடுங்கள். ஆசை திரும்பினால் மிக எளிதாக ஒரு முறை ஜெயிக்கவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போங்கள்.

குழந்தைகள் கை, கால், சட்டையைக் கடிக்கிறதே?

கடிப் பயிற்சி இல்லாத குட்டியும் கடிக்கும். ஆனால் நம் வீட்டில் விதி இன்னும் கறாராக இருக்க வேண்டும். கையை ஆட்டி விளையாடக் கூடாது. பல் தோலில் பட்டால் ஆட்டம் அந்த நொடியே நின்றுவிடும், அடி கிடையாது. குழந்தைகள் துண்டைத் தொடக் கூடாது, துண்டு வெளியே வந்தால் குழந்தைகள் உள்ளே. சின்னக் குழந்தையையும் நாயையும் தனியாக விடக் கூடாது, இது பயிற்சி பெற்ற நாய்க்கும் பொருந்தும். விளையாட்டில் பல் பட்டுத் தோல் கிழிந்தால் ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், மருத்துவரைப் பாருங்கள். குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிட வேண்டும்.

இரண்டு நாயையும் சேர்த்துப் பழக்கலாமா?

ஒரே துண்டில் இரண்டு நாய் வேண்டவே வேண்டாம். இழுத்துக்கொண்டே பொம்மையிலிருந்து ஒன்றின் மூக்குக்கு இன்னொன்றின் பல் போக அரை நொடி ஆகாது. ஒன்று வேலை செய்யும்போது மற்றது கூண்டில் இருக்கட்டும். பைரவி வேலை செய்வதை வீரா கூண்டிலிருந்து பார்த்துத் துடிப்பான். அந்தத் துடிப்பு கொஞ்சம் நல்லது, ரொம்ப நேரம் போனால் கம்பியைக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொள்வான். இரண்டு நிமிடத்துக்குப் பிறகு போர்வை போட்டு மூடிவிடுகிறேன்.

ஒன்றாக வளரும் நாய்களில் இன்னொரு சிக்கல் உண்டு. குட்டி பெரிய நாயின் நிழலில் வளர்ந்தால் அதன் தைரியம் இரவல் தைரியமாகிவிடும். வீராவை வாரத்தில் நான்கு நாள் தனியாகத்தான் வெளியே கூட்டிப்போகிறேன், புது இடத்துக்கு, புது ஆட்களிடம். வீட்டில் அவன் பெரிய வீரன். கோவை உக்கடத்தில் பேருந்து இரைச்சலுக்கு நடுவே முதல் நாள் என் காலுக்கிடையில் வந்து நின்றான். ஐந்தாவது நாள் அதே இடத்தில் துண்டைக் கேட்டான்.

இராஜபாளையம், சிப்பிப்பாறை, லாப்ரடார் இவற்றுக்குச் சொல்லித்தரலாமா?

ஐ.ஜி.பி. விதியில் இனக் கட்டுப்பாடு கிடையாது. ஆனாலும் மைதானத்தில் பெரும்பாலும் ஜெர்மன் ஷெப்பர்ட், மாலினுவா, ராட்வைலர், டாபர்மேன்தான் தெரியும், தலைமுறை தலைமுறையாக இதற்கே தேர்ந்தெடுத்தவை என்பதால். சிப்பிப்பாறைக்குத் துரத்தும் ஆசை நிறைய உண்டு, பிடித்துக்கொண்டே நிற்கும் ஆசை குறைவு. இராஜபாளையம் அந்நியரை இயல்பிலேயே சந்தேகிக்கும் நாய். அதில் கடிப் பாடத்தைக் கொண்டுவந்து சேர்க்காமல் கீழ்ப்படிதலும் மோப்பமும் மட்டும் சொல்லித்தாருங்கள். லாப்ரடாரோடு இழுத்து விளையாடுவது உங்கள் இருவருக்கும் சந்தோஷம் தரும், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

நம் வெயிலில்?

சித்திரை வைகாசியில் காலை ஆறரைக்கு முன்னால், இல்லாவிட்டால் வேண்டாம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். வாய் நிறையத் துணி இருக்கும்போது அதுவும் முடியாது. கடிப் பயிற்சியில் சூடு இவ்வளவு வேகமாக ஏறக் காரணம் அதுதான். நாயின் இயல்பான வெப்பம் ஏறக்குறைய 38-லிருந்து 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நாக்கு அகன்று கரண்டி போல மடிந்தால், எச்சில் கெட்டியானால், நடை தள்ளாடினால், உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். மொட்டை மாடியில் செய்பவர்கள் முதலில் தரையில் உங்கள் உள்ளங்கையை ஏழு நொடி வைத்துப் பாருங்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பழக்கலாமா? குட்டி எகிறிக் கடிப்பது அழகாக இருக்கிறதே?

சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரமாவது போகட்டும். மார்பு ஆழமான இனங்களில் வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் நோய் வரும், சில மணி நேரத்தில் உயிர் போகலாம். எகிறுவது வேண்டாம். பெரிய இனங்களின் எலும்பு முனைகள் முற்ற ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். துண்டு குட்டியின் மார்பு உயரத்துக்கு மேல் போகாமல், கழுத்து நேராக, நாலு காலும் தரையில் இருக்கட்டும். துணியோடு தூக்கிச் சுற்றி வீடியோ எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்தக் கழுத்தெலும்புகளின் முனைகள் இன்னும் குருத்தெலும்பு.

சட்டப்படி ஏதாவது பிரச்சினை வருமா?

துணியோடு விளையாடுவதற்கு வராது. நாயால் பிறர் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. நாயை வேறு விலங்கோடு சண்டைக்கு ஏவுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தெரு நாயைக் காட்டி உசுப்புவதையும் யாரும் பயிற்சி என்று சொல்ல வேண்டாம்.

நல்ல ஹெல்பரை எப்படிக் கண்டுபிடிப்பது?

நாயை விட்டுவிட்டு வெறும் ஆளாகப் போய் ஒரு காலை முழுவதும் உட்கார்ந்து பாருங்கள். அவர் ஒவ்வொரு நாயிடமும் ஒரே மாதிரி நடக்கிறாரா, நாய்க்குத் தகுந்தாற்போல் மாறுகிறாரா? தயங்கும் நாய் வந்தால் அவர் சிறியவராகிறாரா, பெரியவராகிறாரா? நாய் ஸ்லீவைக் கடித்து முடித்த பிறகு எப்படி இருக்கிறது: ஸ்லீவைத் தூக்கிக்கொண்டு பெருமையாக நடக்கிறதா, கீழே போட்டு அவரைப் பார்த்து உறுமுகிறதா? ஐந்து மாதக் குட்டிக்குக் கம்பு காட்டுபவர் எவ்வளவு பெரிய பெயர் வாங்கியிருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

பைரவியின் ஐந்தாவது மாதத்தில் நான் எழுந்து வரவில்லை. ஒரு பயிற்சியாளர் அவளைச் சுவரோரம் கட்டி, சாட்டையைச் சொடுக்கிக்கொண்டே நெருங்கினார். அவள் பின்னால் போக இடமில்லாமல் குரைத்தாள். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். அன்று இரவு வீட்டுக்கு வந்த பால்காரரைப் பார்த்து அவள் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தாள். பால்காரர் தினமும் அவளுக்கு ஒரு சொட்டுப் பால் ஊற்றிவிட்டுப் போகிறவர். அவரிடம் அவள் மறுபடி தானாகப் போக நாற்பது நாளுக்கு மேல் ஆயிற்று. அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

எப்போது ஸ்லீவுக்குப் போகலாம்?

நிலைப்பற்கள் முழுதாக வந்து உறுதியான பிறகு துண்டு, அப்புறம் டக், அப்புறம் தலையணை. தலையணையில் முழுப் பிடி, புது இடத்தில் முழுப் பிடி, புது ஆளிடம் முழுப் பிடி, இவை மூன்றும் வந்துவிட்டால் குட்டி ஸ்லீவ் எடுக்கலாம். பெரும்பாலும் பத்து மாதத்துக்குப் பக்கத்தில் வரும். அவசரம் எதுவும் இல்லை. பொது இடத்தில் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்க்கும் பி.எச். தேர்வுக்கே 15 மாதம் ஆக வேண்டும், ஐ.ஜி.பி. முதல் நிலைக்கு 18 மாதம்.

வீராவுக்குக் கடைசிக் கோரைப் பல் இறங்கி மூன்று வாரமாகிறது. நேற்றுக் காலை, இரண்டரை மாதத்துக்குப் பிறகு, அலமாரியைத் திறந்து கோணித் துண்டை எடுத்தேன். சத்தம் கேட்டே வாசலில் வந்து உட்கார்ந்திருந்தான். மூன்று முறை கடித்தான், மூன்றும் கடைவாயில். நாலாவது கேட்டான், கொடுக்கவில்லை. நாளை மறுநாள் மறுபடி எடுப்பேன்.